பழத்தைப் பார்த்துப் பண்டம்: மாம்பழ இனிப்புகளும் பானங்களும்

நல்ல இமாம்பசந்தை மிக்ஸியில் போட்டு அடிப்பவரைத் தடுக்க நம் நாட்டில் சட்டம் எதுவும் இல்லை. இருந்தால் நன்றாக இருக்கும். வாசம், சாறு, சதை மூன்றும் கூடிவந்த பழத்துக்கு நாம் செய்யக்கூடிய உதவி கத்தியைக் கழுவித் துடைத்து வைப்பது மட்டும்தான். பாயசம், கேசரி, குல்ஃபி, பானம் எல்லாம் மற்ற பழங்களுக்கு. புளிப்பு தூக்கலானது, நார் மிகுந்தது, பெட்டியின் அடியில் கிடந்து நசுங்கியது, ஊரிலிருந்து வந்த கூடையில் ஒரே நாளில் மொத்தமாகப் பழுத்துத் தொலைத்தது என்று இப்படிப்பட்டவைதாம் நம் அடுப்புக்கு உரியவை.

ஆகவே, என்ன செய்வது என்று தீர்மானித்துவிட்டுப் பழம் வாங்கப் போகாதீர்கள். பழம் வீட்டுக்கு வந்ததும் ஒரு கீற்று நறுக்கித் தின்று பாருங்கள். இனிப்பு எவ்வளவு, புளிப்பு எவ்வளவு, பல்லில் நார் சிக்குகிறதா, வாசம் மூக்குவரை வருகிறதா? இந்த நான்கும் தெரிந்துவிட்டால் அதை என்ன செய்யலாம் என்பது பெரும்பாலும் முடிவாகிவிடும்.

எந்தப் பழம் எதற்கு

மல்கோவா, இமாம்பசந்த் இரண்டையும் நறுக்கித் தின்னுங்கள். யாழ்ப்பாணத்துக் கறுத்தக்கொழும்பான் கிடைக்கிறவர்களுக்கும் இதே யோசனைதான்.

ஏப்ரல் கடைசியில் சந்தையை நிறைக்கும் பங்கனப்பள்ளியில் நார் இல்லை, புளிப்பும் குறைவு. சதை வழுவழுவென்று அரைபடும். ஆனால் அதன் வாசம் மென்மையானது; அடுப்பில் ஏற்றினால் பாதி காணாமல் போய்விடும். எனவே பங்கனப்பள்ளியைக் குளிர்ச்சியாகச் செய்பவற்றுக்கே வைத்துக்கொள்ளுங்கள்: மில்க்‌ஷேக், கடல்பாசி. அதற்குச் சற்று முன்னதாகவே தோள்பட்டை சிவந்து வரும் செந்தூரா, லஸ்ஸிக்கு நன்றாக ஒத்துப்போகும். கிருஷ்ணகிரிப் பக்கம் விளையும் அல்போன்சாவின் நிறமும் மணமும் சூட்டைத் தாங்கும். விலைதான் நம்மைத் தாங்காது.

கிளிமூக்கு என்றும் பெங்களூரா என்றும் சொல்கிறோமே, அதைப் பலரும் மட்டமாக நினைக்கிறார்கள். கிருஷ்ணகிரி மாவட்டத்து மாங்கூழ் ஆலைகளுக்குள் லாரி லாரியாகப் போவது அதுதான். சதைப்பற்று அதிகம், விலை குறைவு, லேசான புளிப்பு. தனியாகத் தின்னும்போது சப்பென்று இருக்கும் இந்தப் பழம், சர்க்கரையும் நெய்யும் சேர்ந்தால் ஆளே மாறிவிடும். ஜாமுக்கும் அல்வாவுக்கும் இதை விட்டு வேறு தேட வேண்டாம்.

கடைசியாக, ஜூன் ஜூலையில் வரும் நீலம். பழம் சிறியது, மணமோ வீடு முழுக்க நிற்கும், சூட்டுக்கும் அசராது. பாயசத்துக்கும், வருடம் முழுக்கச் சேமிக்கும் கூழுக்கும் என் முதல் தேர்வு இதுவே. ஒரு எச்சரிக்கை மட்டும் உண்டு. நீலத்தின் கொட்டைக்குள் வண்டு இருக்கும் வாய்ப்பு அதிகம். பிஞ்சாக இருக்கும்போதே புழு உள்ளே போய்விடுவதால் தோலில் ஓட்டை எதுவும் தெரியாது. நாட்டுப் பழத்தைப் பிழிவதுபோல நீலத்தை முழுசாக உருட்டிப் பிழியாதீர்கள். இரண்டு கன்னங்களையும் சீவி எடுத்து, வெளிச்சத்தில் பார்த்துவிட்டு, பிறகு மிக்ஸியில் போடுங்கள்.

நார் மண்டிய நாட்டுப் பழங்கள் எந்த ஊரிலும் பெயரில்லாமல் கூறுகட்டி விற்கப்படுகின்றன. நறுக்கித் தின்ன முடியாது, சப்பித்தான் தின்ன வேண்டும். ஆனால் சாற்றின் ருசியில் ஒட்டுமாம்பழம் எதுவும் பக்கத்தில் வராது. வெல்லம் சேரும் எல்லாவற்றுக்கும் இவை பொருத்தம்.

அடுப்புக்குப் போகும் முன்

காயாக வந்த பழத்தை ஃபிரிட்ஜில் வைக்கக் கூடாது. ஏறக்குறைய 12 டிகிரிக்குக் கீழே குளிர் இறங்கினால் மாங்காய் பழுப்பது தடைபட்டு, தோல் கறுத்து, உள்ளே மாவாகிவிடும். வெளியே எடுத்த பிறகும் தேறாது. வைக்கோலில் பரப்புங்கள். வைக்கோலுக்கு எங்கே போவது என்பவர்கள் அரிசி டிரம்மில் புதைக்கலாம், செய்தித்தாளில் சுற்றி அட்டைப் பெட்டியில் அடுக்கலாம். தினமும் ஒருமுறை திறந்து, பழுத்ததை மட்டும் எடுத்துவிட வேண்டும். நன்றாகப் பழுத்த பிறகு ஃபிரிட்ஜ் ஒன்றும் செய்யாது.

கார்பைடு கல் வைத்துப் பழுக்கவைப்பதை 2011-ஆம் ஆண்டின் உணவுப் பாதுகாப்பு விதிமுறைகள் தடை செய்திருக்கின்றன. எத்திலீன் வாயுவால் பழுக்கவைக்க அனுமதி உண்டு. கடையில் நின்றுகொண்டு எது எந்த வகை என்று உறுதியாகச் சொல்வது கடினம். தோல் சீராக மஞ்சளாக இருந்தும் காம்புப் பக்கம் மணமே இல்லையென்றால், உள்ளே சதை காயாகவே இருந்தால், அந்தக் கடைக்கு மறுபடி போகாதீர்கள்.

காம்போரத்தில் கசியும் பால் சிலருக்கு உதட்டையும் வாயோரத்தையும் புண்ணாக்கும். காம்புப் பக்கம் ஒரு வட்டம் சீவிவிட்டுப் பழங்களை அரை மணி நேரம் தண்ணீரில் போட்டு வைத்தால் பால் போய்விடும். பாட்டிகள் இதைச் சூடு தணிப்பது என்பார்கள். காரணம் எதுவானாலும் பழக்கம் நல்லது.

கூழ்

இனி வரும் எல்லாவற்றுக்கும் அடிப்படை கூழ்தான். ஒரு கிலோ பழத்தில் தோலும் கொட்டையும் போக ஏறக்குறைய 600 கிராம் சதை தேறும். அதைத் தண்ணீர் விடாமல் அரையுங்கள். நார் இருந்தால் சல்லடையில் கரண்டியால் தேய்த்து வடிகட்டுங்கள். வடிகட்டும்போது அவசரப்பட்டுத் தண்ணீர் ஊற்றுகிறவர்கள்தாம் பிறகு குல்ஃபியில் பனிக்கட்டி வந்துவிட்டது, அல்வா சேரவில்லை என்று புலம்புகிறார்கள்.

ஒரு சிட்டிகை உப்பு எல்லா மாங்கூழுக்கும் நல்லது. வெறும் இனிப்பாக, மொட்டையாக இருக்கும் பழத்துக்குச் சில துளி எலுமிச்சைச் சாறு உயிர் கொடுக்கும். சர்க்கரையின் அளவு எதுவும் வேதவாக்கு இல்லை. கீழே தந்திருப்பவை நடுத்தர இனிப்புள்ள பழத்துக்கானவை. உங்கள் பழத்தைத் தின்று பார்த்துக் கூட்டிக் குறைத்துக்கொள்ளுங்கள்.

சில பண்டங்களுக்குக் கூழைச் சுண்டவைக்க வேண்டியிருக்கும். அடிகனமான எவர்சில்வர் பாத்திரத்தில் சிறு தீயில் வைத்துக் கிளறிக்கொண்டே இருந்தால் 15 முதல் 20 நிமிடத்தில் ஏறக்குறைய பாதியாகும். இரும்புச் சட்டியும் ஈயம் பூசாத பித்தளையும் வேண்டாம். புளிப்பு பட்டு நிறமும் ருசியும் கெடும். கொதிக்கும் மாங்கூழ் எகிறித் தெறித்துக் கையைச் சுடும். நீளக் காம்புள்ள கரண்டி, பாதி மூடிய தட்டு, பக்கத்தில் பிள்ளைகள் இல்லாமை ஆகிய மூன்றும் அவசியம்.

சித்திரையின் காய்

பழம் வருவதற்கு முன்பே மாங்காய் வந்துவிடுகிறது. சித்திரை முதல் நாள் மாங்காய்ப் பச்சடி எல்லா வீட்டிலும் உள்ளதுதான், அதற்குக் குறிப்பு தேவையில்லை. அதே மாங்காயும் வெல்லமும் ஒரு நல்ல பானமாகவும் ஆகும் என்பது பலர் நினைவுக்கு வருவதில்லை. வடநாட்டில் ஆம் பன்னா என்று வெயில் காலம் முழுக்கக் குடிக்கிறார்கள். நம் பானகத்தில் புளிக்கோ எலுமிச்சைக்கோ பதிலாக மாங்காயைப் போட்டால் அதற்கு உறவுக்காரப் பானம் ஒன்று கிடைக்கும்.

நடுத்தர மாங்காய் இரண்டைத் தோலோடு குக்கரில் இரண்டு விசில் விட்டு வேகவையுங்கள். கேஸ் தணலில் கத்தரிக்காய் சுடுவதுபோலச் சுட்டால் புகைமணம் ஏறும். நேரமிருந்தால் அப்படியே செய்யுங்கள். ஆறியதும் தோலை உரித்து, சதையை வழித்தெடுத்து, முக்கால் கப் பொடித்த வெல்லத்தோடு அரைத்து வடிகட்டுங்கள். கால் தேக்கரண்டி சுக்குப் பொடி, இரண்டு ஏலக்காய், அரைத் தேக்கரண்டி வறுத்துப் பொடித்த சீரகம், உப்பு. இந்த விழுது ஃபிரிட்ஜில் ஒரு வாரம் இருக்கும். டம்ளருக்கு இரண்டு மேசைக்கரண்டி போட்டு, பானைத் தண்ணீர் ஊற்றிக் கலக்கினால் போதும். சோடா ஊற்றிக் கேட்கிற பிள்ளைகள் இருப்பார்கள், கொடுக்கலாம். கிளிமூக்குக் காய்க்குப் புளிப்பு குறைவென்பதால் அரை மூடி எலுமிச்சை பிழிந்துகொள்ளுங்கள்.

பாலும் தயிரும்

மில்க்‌ஷேக்குக்கு நீளமாக எழுத ஒன்றுமில்லை. ஒரு பங்கனப்பள்ளி, காய்ச்சி நன்றாகக் குளிரவைத்த பால் இரண்டு டம்ளர், வேண்டுமென்றால் சர்க்கரை. ஐஸ்கட்டி போட்டு நீர்க்கவிடாதீர்கள். பழத் துண்டுகளை முன்கூட்டியே ஃப்ரீசரில் வைத்து அப்படியே அடித்தால் கெட்டியாக வரும். புளிப்புப் பழம் கூடாது.

அந்தப் புளிப்புப் பழத்துக்கு இருக்கவே இருக்கிறது தயிர். கெட்டித் தயிர் இரண்டு பங்கு, கூழ் ஒரு பங்கு, சர்க்கரை, உப்பு ஒரு சிட்டிகை. லஸ்ஸியை மிக்ஸியில் சில நொடிகளுக்கு மேல் ஓட்ட வேண்டாம். கொழுப்புள்ள தயிராக இருந்தால் வெண்ணெய் திரண்டு நாக்கில் ஒட்டும். மத்தால் கடைவது இன்னும் நல்லது.

மராட்டியர்களின் ஆம்ரகண்டும் இந்த வரிசையில் வரும். ஒரு லிட்டர் பால் உறைந்த தயிரை மெல்லிய துணியில் கட்டி, ஃபிரிட்ஜுக்குள்ளேயே ஒரு கிண்ணத்துக்கு மேல் இரவெல்லாம் வடியவிடுங்கள். வெளியே தொங்கவிட்டால் மே மாத வெயிலில் புளித்துவிடும். வடிந்த தயிரில் பொடித்த சர்க்கரை அரை கப், சுண்டவைத்த கூழ் முக்கால் கப், பாலில் ஊறவைத்த குங்குமப்பூ கொஞ்சம். சுண்டாத கூழைச் சேர்த்தால் இரவெல்லாம் வடித்த வேலை வீண். பூரிக்கு இதைத் தொட்டுக்கொள்வது அவர்கள் வழக்கம். நம் வீட்டில் சப்பாத்திக்கும் ஓடும்.

பாயசம்

மாம்பழப் பாயசம் திரிந்துவிட்டது என்று வருத்தப்படுகிறவர்கள் எல்லாரும் செய்வது ஒன்றே: கொதிக்கும் பசும்பாலில் கூழை ஊற்றுவது. புளிப்புப் பட்டால் பாலின் புரதம் திரளும். பால் எவ்வளவு சூடாக இருக்கிறதோ அவ்வளவு குறைந்த புளிப்பே அதற்குப் போதும். இதற்கு இரண்டு வழிகள் உண்டு. சேமியாவையோ அரிசியையோ பாலில் வேகவைத்து, சர்க்கரை சேர்த்து, முழுக்க ஆறவிட்டு, பிறகு கூழைக் கலந்து குளிர்ச்சியாகப் பரிமாறலாம். இல்லையென்றால் பசும்பாலையே விட்டுவிட்டுத் தேங்காய்ப் பாலுக்குப் போகலாம். கேரளத்தின் மாம்பழப் பிரதமன் இரண்டாம் வழி. எனக்கு அதுதான் பாயசம்.

நாட்டுப் பழம் அல்லது நீலத்தின் கூழ் 2 கப், பொடித்த வெல்லம் 1 கப், நடுத்தரத் தேங்காய் ஒன்று, நெய் 3 மேசைக்கரண்டி, சுக்குப் பொடி கால் தேக்கரண்டி, ஏலக்காய் 4, பல்லுப் பல்லாகக் கீறிய தேங்காய் ஒரு கைப்பிடி.

தேங்காயைத் துருவி, அரை கப் வெதுவெதுப்பான தண்ணீர் விட்டு அரைத்துப் பிழிந்தால் முக்கால் கப் அளவுக்கு முதல் பால் வரும். அதைத் தனியே வையுங்கள். சக்கையில் இரண்டு கப் தண்ணீர் ஊற்றி மறுபடி அரைத்துப் பிழிந்து இரண்டாம் பாலை எடுத்துக்கொள்ளுங்கள். வெல்லத்தை அரை கப் தண்ணீரில் கரைத்து வடிகட்டுங்கள். வெல்லத்தில் மண் இல்லை என்று கடைக்காரர் சொன்னாலும் வடிகட்டுங்கள்.

இரண்டு கரண்டி நெய்யில் கூழை ஊற்றிச் சிறு தீயில் கிளறத் தொடங்குங்கள். இந்தக் கட்டத்தைச் சுருக்கக் கூடாது. முதலில் பச்சை வாசம் போகும், பிறகு நிறம் மஞ்சளிலிருந்து ஆழ்ந்த காவிக்கு மாறும். கரண்டியால் அடியில் ஒரு கோடு இழுத்தால் அது சட்டென்று மூடாமல் ஒரு நொடி நிற்க வேண்டும். அப்போது வெல்லப் பாகை ஊற்றுங்கள். பத்து நிமிடம் கொதித்து, ஓரத்தில் நெய் கசியத் தொடங்கும்போது இரண்டாம் பால். இன்னும் பத்து நிமிடம் கொதித்தால் சற்றுக் கெட்டியாகும். இப்போது தீயை ஒட்டக் குறைத்து முதல் பாலை ஊற்றிக் கலக்கி, ஆவி எழும்பியதும் இறக்கிவிடுங்கள். முதல் பால் சேர்ந்த பிறகு கொதித்தால் எண்ணெய் பிரிந்து மேலே மிதக்கும். சுக்கும் ஏலமும் தூவி, மிச்ச நெய்யில் தேங்காய்ப் பல்லைச் சிவக்க வறுத்துக் கொட்டுங்கள்.

முந்திரி போட விரும்புகிறவர்களைத் தடுக்கவில்லை. ஆனால் இந்தப் பாயசத்தில் மெல்லக் கிடைக்க வேண்டியது தேங்காய்ப் பல்தான். ஆற ஆற இறுகும். மறுநாள் இட்டுக் கொடுப்பதானால் கொஞ்சம் இரண்டாம் பாலை எடுத்துவைத்து, தளர்த்திக்கொள்ளுங்கள்.

கேசரியும் அல்வாவும்

கேசரிக்கு ஒரு கப் ரவை, இரண்டு கப் தண்ணீர், ஒரு கப் கூழ், ஒரு கப் சர்க்கரை, அரை கப் நெய். வழக்கமான கேசரியைவிடச் சர்க்கரை குறைவாக இருப்பது பழத்தின் இனிப்பை நம்பித்தான். ரவை தண்ணீரில் முழுக்க வெந்த பிறகே கூழையும் சர்க்கரையையும் சேர்க்க வேண்டும். முன்னாடியே சேர்த்தால் ரவை நறநறவென்று நிற்கும். கேசரிப் பொடி வேண்டவே வேண்டாம், மாம்பழத்தின் நிறத்துக்கு மேல் என்ன நிறம்?

அல்வா பற்றி எனக்கு ஒரு மனக்குறை உண்டு. இப்போது எல்லாரும் செய்வது சோளமாவு போட்டுப் பளபளக்கும் அல்வா. இரண்டு கப் கூழுக்கு அரை கப் சோளமாவு, ஒரு கப் தண்ணீர், ஒரு கப் சர்க்கரை, கால் கப் நெய் என்று அரை மணி நேரத்தில் முடிந்துவிடும். பார்க்க அழகு, வாயில் போட்டால் மிட்டாய். பொறுமை இருந்தால் மாவே இல்லாமல் செய்து பாருங்கள். ஒரு கிலோ கிளிமூக்குக் கூழைப் பாதியாகச் சுண்டவைத்து, 300 கிராம் சர்க்கரை போட்டு, சிறிது சிறிதாக 100 கிராம் நெய் விட்டுக் கிளறுங்கள். ஏறக்குறைய ஒரு மணி நேரம் ஆகும். பாத்திரத்தில் ஒட்டாமல் உருண்டு வரும்போது எடுத்தால் அளவு குறைவாகத்தான் இருக்கும், ஆனால் ஒவ்வொரு துண்டிலும் பழம் இருக்கும்.

குளிரவைப்பவை

குல்ஃபிக்கு ஒரு லிட்டர் கொழுப்புப் பாலை 400 மில்லிக்குச் சுண்டவைத்து, ஓரத்தில் படியும் ஏட்டை வழித்து உள்ளேயே தள்ளிக்கொண்டிருக்க வேண்டும். அரை கப் சர்க்கரை சேர்த்து முழுக்க ஆறவிட்டு, சுண்டிய கூழ் ஒரு கப் கலந்து, அச்சில் ஊற்றி இரவெல்லாம் ஃப்ரீசரில் வையுங்கள். கலவை நாக்குக்குச் சற்றுத் தித்திப்பாகத் தெரிய வேண்டும். குளிரில் இனிப்பு மட்டுப்படும். அச்சு இல்லையென்றால் சின்ன எவர்சில்வர் டம்ளர் போதும்.

கடல்பாசியை நோன்புக் காலத்தில் இஸ்லாமியர் வீடுகளில் பல நிறத்தில் செய்வார்கள். கடைகளில் சைனா கிராஸ் என்று விற்கும் இதற்கான பாசி வகைகளை மன்னார் வளைகுடாவில், ராமநாதபுரம் கரையோரப் பெண்கள் கடலில் மூழ்கிப் பறிக்கிறார்கள். 10 கிராம் பாசியை அரை மணி நேரம் ஊறவைத்து, ஒன்றரை கப் தண்ணீரில் ஒரு இழைகூடத் தெரியாமல் கரையும்வரை கொதிக்கவிட்டு, அரை கப் சர்க்கரை சேர்த்து வடிகட்டுங்கள். கூழை அதோடு சேர்த்துக் கொதிக்கவிட வேண்டாம், புளிப்பில் கொதித்தால் பாசியின் உறையும் சக்தி குறையும். இறக்கிய பிறகு, அறைச் சூட்டில் இருக்கும் கூழ் இரண்டு கப் ஊற்றி உடனே கலக்குங்கள். ஃபிரிட்ஜிலிருந்து எடுத்த கூழானால் கலக்கும்போதே கட்டி கட்டியாக உறைந்துவிடும். தட்டில் ஊற்றினால் வெளியிலேயே உறையும். விலங்குப் பொருள் எதுவும் இல்லாததால் சைவ விருந்தாளிகளுக்கும் தயங்காமல் வைக்கலாம்.

கத்திரி வெயிலில்

ஆந்திரத்தில் மாமிடி தாண்ட்ரா, கேரளத்தில் மாந்தெரா. இரண்டும் மாங்கூழைப் பாயில் தடவி, காயக் காய அடுக்கடுக்காக மேலே பூசி எடுக்கும் தகடுகள். மே மாதம் அக்னி நட்சத்திரத்தில் மொட்டைமாடி இருப்பவர்கள் வீட்டிலேயே செய்யலாம். நான்கு கப் கூழில் அரை கப் சர்க்கரையும் ஒரு மேசைக்கரண்டி எலுமிச்சைச் சாறும் சேர்த்துச் சற்றுக் கெட்டியாகும்வரை காய்ச்சுங்கள். நெய் தடவிய தாம்பாளத்தில் தோசை கனத்துக்குப் பரப்பி, மேலே மெல்லிய துணி கட்டி வெயிலில் வையுங்கள். சாயங்காலம் உள்ளே எடுத்துவிட வேண்டும். மிச்சக் கூழை ஃபிரிட்ஜில் வைத்து, கீழ் அடுக்கு கையில் ஒட்டாமல் காய்ந்த பிறகே அடுத்த அடுக்கைப் பூசுங்கள். அவசரப்பட்டு ஈரத்தின் மேல் பூசினால் நடுவில் பூஞ்சை வரும். மூன்று நான்கு அடுக்குகள் போதும்.

நீலம் முடிவதற்குள்

வருடம் முழுக்க மாம்பழம் வேண்டுமென்றால் ஜூலையில் நீலம் விலை இறங்கும்போது ஒரு பெட்டி வாங்குங்கள். வடிகட்டிய கூழைக் கிலோவுக்கு 100 கிராம் சர்க்கரையும் ஒரு எலுமிச்சம்பழச் சாறும் சேர்த்து ஒரு கொதி விட்டு ஆறவையுங்கள். ஐஸ் தட்டில் ஊற்றி உறைந்ததும் கட்டிகளை ஜிப் பைகளுக்கு மாற்றி, காற்றைப் பிதுக்கி மூடி, மேலே மாதத்தை எழுதிவிடுங்கள். மைனஸ் 18 டிகிரியில் அடுத்த மாங்காய் வரும்வரை நிற்கும். மின்வெட்டு அதிகமான ஊரென்றால் மூன்று மாதத்துக்குள் தீர்த்துவிடுவது நல்லது. ஒருமுறை உருகிய கூழை மறுபடி உறையவைக்காதீர்கள். அன்றே கேசரி கிளறிவிடுங்கள்.

கொட்டையையும் தோலையும் எறியும் முன் ஒரு பாத்திரத்தில் போட்டு, மூழ்கும் அளவு தண்ணீர் ஊற்றி, கையால் நன்றாகப் பிசைந்து வடிகட்டுங்கள். ஒரு கிலோ பழத்துக்கு இரண்டு டம்ளர் நல்ல சாற்றுத் தண்ணீர் கிடைக்கும். வெல்லமும் சுக்கும் போட்டால் பானகம், உப்பும் மிளகும் பூண்டும் போட்டால் அன்றைய ரசம்.